நாலரை மீட்டர்ச் சுவர் ஒன்று போதும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மதுரைப் பதிப்பில் சென்ற வாரம், பாறைகளில் ஏறும் இளைஞர்களைப் பற்றிய செய்திக் கட்டுரை ஒன்று வந்திருந்தது. எழுதியவர் அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் உயிரைப் பணயம் வைக்கும் விபரீத ஆசை என்ற பொருள்படத் தலைப்பிட்டு, அந்தரத்தில் கயிற்றில் தொங்கும் ஒருவரின் படத்தையும் வெளியிட்டு, கயிறில்லாமல் தாழ்வான சுவரில் ஏறும் 'போல்டரிங்' என்னும் போட்டி விளையாட்டையும் அதே கூடையில் அள்ளிப் போட்டிருப்பதைக் கண்ட பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. என் தங்கை மகள் அந்த விளையாட்டையே தன் தொழிலாகக் கொள்ள முயன்றுகொண்டிருப்பவள். கட்டுரை வந்த அன்று காலையிலேயே ஒத்தக்கடைத் தேநீர்க் கடையில் மூன்று பேர், "என்ன சார், மருமகளக் கொஞ்சம் கண்டிச்சு வைக்கக் கூடாதா?" என்று என்னைக் கேட்டுவிட்டார்கள். அவர்கள் மூவரும் தங்கள் வாசகர்கள் என்பதால், அவர்களுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத் தங்கள் வழியாகவே சொல்ல விரும்புகிறேன்.

நான் தமிழாசிரியராக முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். பாறை ஏறுகிறவன் அல்லன். யானைமலைக்கு மேலே போய்வந்ததுகூட இளவயதில் இரண்டே முறைதான். ஆறு ஆண்டுகளாக ஒரு பிள்ளை இதற்காகப் படும் பாட்டை அருகிலிருந்து பார்த்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை.

போல்டரிங்கில் கயிறு இல்லை என்பதையே அதன் ஆபத்துக்குச் சான்றாகக் கட்டுரை காட்டுகிறது. கயிறு தேவைப்படும் உயரத்துக்கு அதில் யாரும் போவதில்லை என்பதே உண்மை. போட்டிச் சுவரின் உயரம் ஏறத்தாழ நான்கு முதல் நாலரை மீட்டர். நம் ஊர் வீடுகளின் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் அளவு என்று வைத்துக்கொள்ளலாம். கீழே தரை முழுவதும் தடித்த மெத்தை விரித்திருப்பார்கள். விழுவது இந்த விளையாட்டில் விபத்து ஆகாது, பயிற்சியின் பாதி வேலையே அதுதான். என் மருமகள் ஒரு மாலைப் பொழுதில் முப்பது நாற்பது முறை விழுவாள். முழங்காலை மடக்கி, கையை ஊன்றாமல், முதுகுப்பக்கமாகச் சரிந்து விழுவதற்கென்றே அவளுக்கு முதல் மூன்று மாதம் பயிற்சி கொடுத்தார்கள். கணுக்காலும் முழங்காலும் பிசகுவது உண்டு, அதை நான் மறைக்கவில்லை. கபடியிலும் அது உண்டு. கபடி ஆடப் போகிற பையனைப் பார்த்து உயிரைப் பணயம் வைக்கிறான் என்று நாம் எழுதுவதில்லை.

போட்டி நடக்கும் விதத்தைச் சொன்னால்தான் இது எப்படிப்பட்ட வேலை என்பது விளங்கும். ஏற வேண்டிய ஒவ்வொரு பாதையையும் உலகம் முழுவதும் 'பிராப்ளம்' என்றே அழைக்கிறார்கள். என் மருமகள் அதைக் 'கணக்கு' என்பாள். இதைவிடப் பொருத்தமான தமிழை நான் தேடியிருந்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டேன். நவீன போல்டரிங்கின் முன்னோடியாகக் கொண்டாடப்படும் அமெரிக்கரான ஜான் கில், தொழிலால் கணிதப் பேராசிரியர் என்பதும், ஜிம்னாஸ்டிக்ஸ் பயின்ற அவர்தான் அந்த விளையாட்டு வீரர்கள் கையில் தடவிக்கொள்ளும் வெள்ளைப் பொடியை 1950-களில் பாறையேற்றத்துக்குக் கொண்டுவந்தார் என்பதும் இந்தச் சொல்லுக்குக் கூடுதல் அழகு சேர்க்கின்றன.

இறுதிச் சுற்றில் நான்கு கணக்குகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு நிமிடம். போட்டி தொடங்கும் முன்பே எல்லோரையும் ஓர் அறையில் தனியே வைத்துவிடுவார்கள். முன்னால் ஏறியவர் என்ன செய்தார், எங்கே விழுந்தார் என்பது பின்னால் ஏறுகிறவருக்குத் தெரியக் கூடாது. எல்லோரையும் ஒருமுறை வெளியே அழைத்து வந்து, கணக்கு ஒன்றுக்கு இரண்டு நிமிடம் வீதம் கீழே நின்று பார்க்கவிடுவார்கள். அந்த இரண்டு நிமிடத்தில் போட்டியாளர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டே, கைகளைக் காற்றில் வைத்து வைத்து எடுத்து, மனத்தாலேயே சுவரில் ஏறி இறங்குவதைப் பார்க்க வேண்டும். பரதநாட்டிய வகுப்பில் பிள்ளைகள் உட்கார்ந்தபடியே அடவுகளைச் சொல்லிப் பார்ப்பதைப்போல இருக்கும். கணக்குகளை அமைப்பதற்கென்றே தனி வல்லுநர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு போட்டிக்கும் அவர்கள் புதிதாக அமைப்பதை, போட்டி முடிந்ததும் கழற்றிவிடுகிறார்கள். ஒரே வினாத்தாளை இரண்டாம் முறை யாரும் எழுதுவதில்லை.

உச்சியிலிருக்கும் பிடியை விரலால் தட்டிவிட்டு விழுந்தால் அது சேராது. இரண்டு கைகளாலும் பற்றி, உடலை நிலைநிறுத்திக் காட்ட வேண்டும். வாடிவாசலை அறிந்த நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திமிலைத் தொட்டவனெல்லாம் மாடு பிடித்தவன் ஆகிவிடுவானா? இப்போதைய முறைப்படி உச்சியை அடைந்தால் 25 புள்ளி. இடையில் 'ஸோன்' எனக் குறித்திருக்கும் பிடியோடு நின்றுவிட்டால் 10 புள்ளி. வீணாகும் ஒவ்வொரு முயற்சிக்கும் 0.1 கழியும். எனவே கண்ணை மூடிக்கொண்டு பாய்கிறவனுக்கு இதில் இடமில்லை. பார்த்து, யோசித்து, எங்கே மூச்சு வாங்குவது, எந்தக் காலை எப்போது மாற்றுவது என்று தீர்மானித்த பிறகே தரையிலிருந்து கால் எழும்ப வேண்டும்.

இந்த அமைப்பில் எல்லாம் நியாயமாக நடக்கிறது என்றும் நான் சொல்ல வரவில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் பெண்கள் இறுதிச் சுற்றில், 154 சென்டிமீட்டர் உயரமுள்ள ஜப்பான் வீராங்கனை அய் மோரி, முதல் கணக்கின் தொடக்கப் பிடியையே எட்ட முடியாமல், திரும்பத் திரும்ப எம்பிப் பார்த்துவிட்டு, சுழியத்தோடு திரும்பினார். பின்னர் கயிற்றோடு ஏறும் 'லீட்' சுற்றில் எல்லோரையும்விட அதிகப் புள்ளி பெற்று, மொத்தத்தில் நான்காம் இடத்துக்கு வந்துவிட்டார். அவரைவிட ஒரு விரற்கடை மட்டுமே உயரமான என் மருமகள், தன் அப்பாவின் தச்சுப் பட்டறையில் கைப்பேசித் திரையில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பிடியைக் கீழ இறக்கச் சொல்றது கௌரவம் இல்ல மாமா, நான்தான் இன்னும் எம்பிப் பழகணும்" என்றாள். வினாத்தாள் தயாரித்துப் பழகியவன் என்ற முறையில் எனக்கு அது உடன்பாடில்லை. முதல் வினாவை ஒரு மாணவியின் கைக்கே எட்டாத இடத்தில் ஒட்டிவைத்துவிட்டு, திறமையிருந்தால் எழுது என்பது தேர்வு ஆகாது. இதைப் பற்றி அவளுக்கும் எனக்கும் இன்றுவரை வாக்குவாதம் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

என் மைத்துனர் தச்சு வேலை செய்கிறவர். மகள் பள்ளிச் சுற்றுலாவில் பெங்களூருக்குப் போய், அங்கே ஒரு செயற்கைச் சுவரில் அரைமணி நேரம் ஏறிவிட்டு வந்து, மூன்று வாரம் அதையே பேசிக்கொண்டிருந்த பிறகு, வீட்டுத் தொழுவத்தில் பாதியை ஒழித்து, 18 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை மூன்றை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, கூரையை நோக்கிச் சாய்த்து ஒரு சுவர் அமைத்துக் கொடுத்தார். பலகை முழுவதும் துளையிட்டு, பின்பக்கம் நட்டு பதித்து, வேண்டிய இடத்தில் பிடிகளைத் திருகிக்கொள்ளும்படி செய்திருக்கிறார். கடையில் விற்கும் ரெசின் பிடிகளின் விலை அவருக்குக் கட்டுபடியாகவில்லை. பூவரச மரத்தில் தாமே இழைத்தார். மரப்பிடி விரல்தோலை அதிகம் உரிக்காது என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிய வந்தது. மற்றப் பாதியில் பசு கட்டியிருக்கிறது. அவள் மெத்தையில் தொப்பென்று விழும் ஒவ்வொரு முறையும் அது அசைபோடுவதை நிறுத்தித் திரும்பிப் பார்க்கும். முதலில் மிரண்டது, இப்போது பழகிவிட்டது.

இது ஏதோ எங்கள் வீட்டு வேடிக்கை என்று எண்ணிக்கொண்டிருந்த எனக்கு, ஜப்பானின் அகியோ நொகுச்சியைப் பற்றிப் படித்தபோது வியப்பு தாங்கவில்லை. 1989-இல் இபராகி மாகாணத்தில் மாட்டுப்பண்ணை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்த அவர், பதினோரு வயதில் குவாம் தீவுக்குக் குடும்பத்தோடு விடுமுறைக்குப் போன இடத்தில் முதன்முதலாகச் சுவரேறினார். ஊர் திரும்பியபின் அவருடைய தந்தையும் தம் பண்ணையிலேயே அவருக்குச் சுவர் அமைத்துக் கொடுத்தார். அந்தப் பெண் போல்டரிங் உலகக் கோப்பைப் போட்டிகளில் 21 முறை முதலிடம் பெற்றார். 2009, 2010, 2014, 2015 ஆகிய ஆண்டுகளில் ஒட்டுமொத்தக் கோப்பையையும் வென்றார். தோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்ற கையோடு, 32 வயதில் போட்டியிலிருந்து ஓய்வுபெற்றார். இந்தச் செய்தியை மைத்துனரிடம் சொன்னபோது, "அவங்க தொழுவத்துக்குக் கூரை எத்தனை அடி மச்சான்?" என்று மட்டும் கேட்டார்.

இந்தத் தொழிலின் விலை விரல்களில் தெரியும். விரல்நுனித் தோல் தடித்துப் போனால் பிடியில் மாட்டிக் கிழியும், மெலிந்து போனால் வழுக்கும். ஆகவே இரவில் உட்கார்ந்து உப்புத்தாளால் தன் விரல்நுனிகளைத் தேய்த்து ஒரே சீராக்குவது அவளுக்கு அன்றாட வேலை. சென்ற ஆண்டு ரேஷன் கடையில் பொருள் வாங்கப் போனபோது, கருவியில் எந்த விரலை வைத்தாலும் கைரேகை பதியவில்லை. கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்து, "சுண்ணாம்பு வேலையா பாப்பா?" என்று கேட்டிருக்கிறார். செங்கல் காளவாசல்காரர்களுக்கும் பாத்திரம் தேய்க்கிற அம்மாக்களுக்கும் ரேகை அழிந்து போவதைத் தினமும் பார்க்கிறவர் கேட்ட அந்தக் கேள்வியில் தவறில்லை. தங்கள் கட்டுரையைவிட அந்தக் கடைக்காரர் இதைச் சரியாகப் புரிந்துகொண்டார் என்றே நான் நினைக்கிறேன். கைரேகை தேயும் அளவுக்கு உழைத்தால் அதற்கு வேலை என்றுதான் பெயர்.

தோலைவிடப் பெரிய கவலை உள்ளே இருக்கிறது. விரலை மடக்கும் தசைநாணை எலும்போடு அணைத்து வைத்திருக்கும் சிறு பட்டைகள், அரை அங்குலப் பிடியில் உடலின் முழு எடையும் இறங்கும்போது அறுந்துவிடக்கூடும். மோதிர விரலின் அடியில்தான் இது அதிகம் நேர்கிறது. அப்படி நேர்ந்தால் மாதக்கணக்கில் சுவரைத் தொட முடியாது. இன்னொன்று உணவு. எடை குறைந்தால் ஏறுவது எளிது என்ற எண்ணத்தில் பட்டினி கிடந்து உடலைக் கெடுத்துக்கொள்ளும் பழக்கம் இந்த விளையாட்டில் பெருகியதால், 2024 முதல் உலகச் சம்மேளனம் வீரர்களின் உடல்நலத்தைச் சோதிக்கும் விதிமுறைகளைக் கொண்டுவந்திருக்கிறது. என் தங்கை இதை அறியாதவள். ஆனால் மகள் தட்டில் சோற்றை ஒதுக்கினால் தொழுவத்தைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள்.

இனி, தேநீர்க் கடையில் இரண்டாவதாகக் கேட்கப்பட்ட கேள்வி: "இதுல பொழைக்க முடியுமா சார்?" ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன், பலருக்கு முடியாது. பரிசுப் பணம் இறுதிச் சுற்றை எட்டும் சிலருக்கே போய்ச் சேருகிறது. மற்றவர்கள் காலணி, ஆடை நிறுவனங்களின் ஆதரவிலும், சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுத்தும், போட்டிக்குக் கணக்குகள் அமைத்துக் கொடுத்தும் காலம் தள்ளுகிறார்கள். இத்தாலியில் காவல்துறையும் ராணுவமும் தங்கள் விளையாட்டுப் பிரிவுகளில் பாறையேற்ற வீரர்களை வேலைக்கு வைத்திருக்கின்றன. நம் ரயில்வேயும் காவல்துறையும் கபடி வீரர்களை வைத்திருப்பதைப்போல. ஆடும் காலமும் குறுகியது. ஜப்பானின் சொராட்டோ அன்ராக்கு 2023-இல் போல்டரிங், லீட் இரண்டிலும் ஒட்டுமொத்த உலகக் கோப்பையைக் கைப்பற்றியபோது அவருக்கு வயது 16. ஸ்லோவேனியாவின் யான்யா கார்ன்பிரெட் 2019-ஆம் ஆண்டின் ஆறு போல்டரிங் உலகக் கோப்பைப் போட்டிகளிலும், ஒன்றுகூட விடாமல், முதலிடம் பெற்றபோது அவருக்கு இருபதுதான் நிறைந்திருந்தது. தோக்கியோவிலும் பாரிசிலும் தங்கம் அவருக்கே. நொகுச்சி போல முப்பதைத் தாண்டி நிற்பது அருமை.

ஆனால் ஒலிம்பிக் இந்த விளையாட்டை நடத்திய விதத்தைக் கவனித்தால், இதற்கு வாசல் திறந்துகொண்டு வருவது தெரியும். தோக்கியோவில் போல்டரிங், லீட், வேகமாக ஏறும் 'ஸ்பீட்' ஆகிய மூன்றையும் ஒரே பதக்கத்துக்குள் அடைத்தார்கள். கட்டுரை, கவிதை, தட்டச்சு மூன்றிலும் தேறியவருக்கே பரிசு என்பதைப்போன்ற ஏற்பாடு அது. பாரிசில் வேகத்தைத் தனியே பிரித்தார்கள். 2028 லாஸ் ஏஞ்சலஸில் மூன்றுக்கும் தனித்தனிப் பதக்கம் என்று ஏப்ரல் 2025-இல் முடிவாகிவிட்டது. போல்டரிங் மட்டும் ஏறத் தெரிந்த ஒருவர் ஒலிம்பிக் பதக்கம் பெறும் வழி அப்போதுதான் முதன்முதலாக உண்டாகிறது. ஆசிய விளையாட்டில் 2018 முதலே பாறையேற்றம் இருக்கிறது. இந்தியாவுக்கும் இது புதிதன்று: 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் போல்டரிங் உலகக் கோப்பைப் போட்டி ஒன்று நவி மும்பையில் நடந்தது. தில்லியிலுள்ள இந்திய மலையேற்ற அறக்கட்டளை இதற்கான தேசிய அமைப்பாக இருந்து வருகிறது.

நம் மாவட்டத்தில் நிலைமை என்ன? தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. அது நல்ல ஏற்பாடு. ஆனால் என் மருமகள் தன் மாநிலங்களுக்கிடையிலான போட்டிச் சான்றிதழை ஒரு கல்லூரியின் சேர்க்கை மேசையில் வைத்தபோது, அங்கிருந்தவர் சிரித்துக்கொண்டே, "மலை ஏறுறதுக்கெல்லாம் சர்டிபிகேட்டா?" என்று கேட்டு, அதை விளையாட்டுக்கு உரிய கோப்பில் வைக்காமல் 'இதர ஆர்வங்கள்' என்ற கட்டத்தில் எழுதிக்கொண்டார். அவர்மீது எனக்குக் கோபமில்லை. அவர் படிக்கும் நாளிதழ்கள் இதை விளையாட்டுப் பக்கத்தில் போட்டிருந்தால் அவரும் சரியான கோப்பில் வைத்திருப்பார். தங்களுக்கு நான் எழுதக் காரணம் இதுவே.

கட்டுரையின் இறுதியில், மதுரையைச் சுற்றித்தான் எத்தனையோ குன்றுகள் இருக்கின்றனவே, அங்கே வழிகாட்டியோடு ஏறட்டுமே என்று ஒரு யோசனை சொல்லப்பட்டிருக்கிறது. இதை நான் வன்மையாக மறுக்கிறேன். யானைமலையின் அடியில் பாண்டியர் காலக் குடைவரைகள் இருக்கின்றன. மேலே சமணர் படுகையும் தமிழி எழுத்துகளும் இருக்கின்றன. கீழக்குயில்குடி, கீழவளவு, அரிட்டாபட்டி என்று எந்தக் குன்றை எடுத்தாலும் ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய கையெழுத்தோ, தீர்த்தங்கரர் உருவமோ, ஊரார் கும்பிடும் சாமியோ இருக்கும். அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் 2022-இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டவை. ஏறுகிறவர் கையிலிருக்கும் வெள்ளைப் பொடி பாறையில் திட்டுத்திட்டாகப் படிந்துவிடும். சிலர் கம்பித் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்கிறேன் என்று மேல்தோலையே சுரண்டிவிடுவார்கள். கல்குவாரியிடமிருந்து காப்பாற்றிய பாறையை வெள்ளைப் பொடிக்குப் பலிகொடுக்க வேண்டாம். போட்டிக்கு ஆயத்தமாகிறவருக்கு இயற்கைப் பாறை கட்டாயத் தேவையும் அன்று. போட்டி நடப்பது செயற்கைச் சுவரில். பயிற்சியும் அதில்தான் நடக்க வேண்டும்.

ஆகவே என் வேண்டுகோள் மிகச் சிறியது. ஏறுதழுவுதலுக்கென்று அலங்காநல்லூரை அடுத்த கீழக்கரையில் 2024 சனவரியில் தனி அரங்கமே திறந்த மாவட்டம் இது. ரேஸ்கோர்ஸ் சாலையிலுள்ள எம்.ஜி.ஆர். விளையாட்டரங்க வளாகத்தில், மழை படாத ஓர் ஓரத்தில், நாலரை மீட்டர் உயரத்தில் ஒரு சுவரும் அதற்குக் கீழே தரமான மெத்தையும் அமைத்துக் கொடுத்தால் போதும். நீச்சல் குளத்துக்கு ஆகும் செலவோ பராமரிப்போ இதற்கு ஆகாது. தண்ணீர் வேண்டாம், புல் வேண்டாம். பிடிகளைக் கழற்றி மாற்றத் தெரிந்த ஒருவரும், மெத்தையின் தையலை மாதம் ஒருமுறை பார்க்கிற ஒருவரும் வேண்டும். அரசின் காதுக்கு இதை எட்டச் செய்வதும், பாறையேற்றப் போட்டிகளின் முடிவுகளை மற்ற விளையாட்டுகளோடு சேர்த்து வெளியிடுவதும் தங்களால் முடியும்.

எங்கள் தொழுவத்தின் கூரை மூன்று மீட்டரில் முடிந்துவிடுகிறது. போட்டிச் சுவரில் மிக மோசமான பிடிகளை வைப்பது அதற்கு மேலேதான்; கை நடுங்கத் தொடங்கிய பிறகு, கீழே பார்த்தால் வயிறு கூசும் இடத்தில். வீட்டில் கிடைக்காத அந்த ஒன்றரை மீட்டரைப் பழகுவதற்காக என் மருமகள் மாதம் இரண்டு சனிக்கிழமை, வெள்ளியன்று இரவு ஒன்பது மணிக்கே மாட்டுத்தாவணியில் பேருந்து ஏறிப் பெங்களூருக்குப் போய், ஞாயிறு விடியலில் திரும்பி வருகிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
ஒத்தக்கடை, மதுரை.